தேசாதிபதியும் என்ரை பதினோராவது ராஜினாமாவும்

அந்த மனுசனை எனக்கு முதல் நாளே பிடிச்சுப்போச்சு. ஆள் செத்து இருநூறு வருசத்துக்கு மேலை. பிரிட்டிஷ்காரன். இங்கிலாந்து ராசா அமெரிக்காவிலை பிடிச்சு வைச்சிருந்த குடியேற்ற நாடுகளிலை ஒண்டுக்குத் தேசாதிபதியாப் போனவராம். இப்ப கவர்னர் எண்டு சொல்லுவினம். எங்கடை ஆக்கள் வெள்ளைக்காரன் காலத்திலை தேசாதிபதி எண்டுதான் சொன்னவை, எனக்கும் அந்தச் சொல்லிலைதான் ஒரு கெம்பீரம் தெரியுது. என்ரை மோளுக்குப் பள்ளிக்கூடத்திலை வரலாற்றுப் பாடத்துக்கு அவரைக் குடுத்திட்டினம். மற்றப் பிள்ளையளுக்கு யுத்தத்திலை வெண்டவை, நாடு கண்டுபிடிச்சவை. இவளுக்குத் தோத்துப்போன ஒரு கவர்னர். அவரைப் பற்றி எழுதி, பிறகு வகுப்புக்கு முன்னாலை கதைச்சுக் காட்டோணும், அதுதான் சோதினை.

நோர்வேயிலை, ஒஸ்லோவுக்குப் பக்கத்துப் புருசெத்திலை எங்கடை அஞ்சாம் மாடி வீட்டுக் குசினி மேசையிலை அந்த மனுசன் மாரிகாலம் முழுக்கக் குடியிருந்தார். நான் வேலையாலை வந்து சாப்பிட இருக்க, மோள் கடதாசியளை விரிச்சு வைச்சுக்கொண்டு அவரின்ரை கதையைத் துவங்குவாள்.

ஆள் பெரிய படிப்பாளியில்லை. பட்டாளத்திலை கொஞ்சக்காலம் இருந்தவர். மனுசியின்ரை சொந்தக்காரன் ஒருத்தன் அரமனையிலை செல்வாக்கா இருந்திருக்கிறான், அவனைப் பிடிச்சு வேலையை எடுத்துப்போட்டார். இதை வாசிச்சுப்போட்டு மோள் முகத்தைச் சுழிச்சாள்.

"அப்பா, இது ஊழல்தானே?"

"இதிலை என்ன ஊழல்? நாலு ஆக்களைத் தெரிஞ்சு வைச்சிருந்திருக்கிறார்" எண்டன் நான்.

நான் எங்கடை மன்றத்துக்குத் தலைவரா வந்ததும் என்ரை மனுசியின்ரை தமையனாலைதான். அதை அந்த நேரத்திலை சொல்ல வேண்டிய தேவை ஒண்டும் வரேல்லை.

மன்றம் எண்டால் கலை மன்றம். சனிக்கிழமையிலை ஒரு நோர்வேப் பள்ளிக்கூடத்தின்ரை ஹோலை எடுத்து, பிள்ளையளுக்குத் தமிழ், பாட்டு, நடனம், மிருதங்கம் எல்லாம் படிப்பிக்கிறம். புருசெத், ரொம்சோஸ், லோறென்ஸ்கூக் எண்டு சுத்துவட்டாரத்துச் சனம் எல்லாம் வரும். பதினொரு வருசமா நான் அதுக்குத் தலைவர். கிழமையிலை அஞ்சு நாள் நான் பஸ் ஓடுறன். பஸ்ஸிலை ஏறுற சனம் என்ரை பிடரியைத்தான் பாக்கும். ஒஸ்லோவிலை அரைவாசிப் பேருக்கு என்ரை பிடரியைத் தெரியும், முகத்தைத் தெரியாது. சனிக்கிழமையிலை மட்டும்தான் நான் சனத்தைப் பாப்பன், சனம் என்னைப் பாக்கும். அந்த ஹோலிலை கைபிடி வைச்ச கதிரை ஒண்டே ஒண்டுதான், முன் வரிசையிலை நடுவிலை போட்டிருக்கும். அது என்ரை. அந்தக் கதிரை போனால் எனக்கு என்ன மிஞ்சும் எண்டு நான் யோசிச்சதேயில்லை. யோசிக்கப் பயம், வேறை என்ன.

தேசாதிபதியின்ரை பிரச்சினை என்னெண்டால், குடியேறின சனம் தங்களுக்கெண்டு ஒரு சபை வைச்சிருந்தது. சபை கூடும். இவர் ஒண்டு சொல்லுவார், அவை மாட்டம் எண்டுவினம், இவர் சபையைக் கலைச்சுவிடுவார். திரும்பக் கூட்டுவார், திரும்பக் கலைப்பார்.

"எத்தினை தரம் கலைச்சவர் எண்டு எனக்கே குழம்பிப் போச்சு" எண்டாள் மோள்.

"கலைக்காமல் என்ன செய்யிறது, பிள்ளை? சொல்லுறதைக் கேக்கோணுமெல்லே?"

எனக்கு அந்த மனுசனிலை உண்மையான இரக்கம் வந்தது. விழா மேடைக்குப் பின்திரை சிவப்போ நீலமோ எண்டு வந்த சண்டையிலை நான் ஒருக்கா வாட்ஸ்அப் குழுவையே அழிச்சுப்போட்டு, புதுசா ஒண்டு துவங்கினனான். புதுசிலை சிவப்புக் கட்சிக்காரர் ஒருத்தரையும் சேக்கேல்லை. அந்த வருசம் எல்லாம் ஒற்றுமையா நடந்தது.

அவரின்ரை கடிதங்கள்தான் அருமை. போற ஒவ்வொரு கப்பலிலையும் லண்டனுக்கு ஒண்டு எழுதியிருக்கிறார். முழங்கால் நோகுது, நித்திரையில்லை, இந்தச் சனத்துக்கு நன்றியில்லை, நான் களைச்சுப்போனன், தயவுசெய்து என்னை விடுவிச்சுக் கூப்பிடுங்கோ. கடிதம் போய்ச் சேர ரெண்டு மாசம், பதில் வர இன்னும் ரெண்டு மாசம். பள்ளிக்கூடத்திலை குடுத்த பிரதியளை மோள் ஒவ்வொண்டா வாசிச்சு எனக்குத் தமிழிலை சொல்லுவாள். சொல்லேக்கை அவளுக்குக் கண் கலங்கும்.

"பாவம் அப்பா இந்த ஆள். எத்தினை வருசமா விடுங்கோ விடுங்கோ எண்டு கேக்கிறார். ஒருத்தரும் காதிலை போடேல்லை."

நான் தேத்தண்ணியைக் குடிச்சுக்கொண்டு மனசுக்கை சிரிச்சன். அட கள்ளா, உன்ரை வித்தை எனக்குத் தெரியாதே! 'நீர் இல்லாட்டி அங்கை ஒண்டும் நடக்காது' எண்டு ராசா ஒரு வரி எழுதோணும். அதுக்குத்தான் இந்த முழங்கால் நோவெல்லாம். பிள்ளையிட்டை அதைச் சொல்லி ஏன் குழப்புவான் எண்டு விட்டிட்டன்.

எனக்கு எப்பிடித் தெரியும் எண்டு கேக்கிறியளோ? நானும் வருசத்துக்கு ஒருக்கா ராஜினாமாச் செய்யிறனான்.

பொதுக்கூட்டத்திலை அது ஒரு சடங்கு மாதிரி. கணக்கறிக்கை, செயலறிக்கை எல்லாம் முடிஞ்ச பிறகு நான் எழும்புவன். மூக்குக் கண்ணாடியைக் கழட்டி லேஞ்சியாலை துடைப்பன். அதிலையே ஹோல் அமைதியாப் போயிடும். "அன்பான உறவுகளே, இனி எனக்கு ஏலாது. உடம்பும் ஒத்துவரேல்லை. இளம் ஆக்கள் வரட்டும், என்னை விட்டிடுங்கோ" எண்டு சொல்லிப்போட்டு இருப்பன். உடனை மூண்டாவது வரிசையிலை இருக்கிற அண்ணை ஒருத்தர் எழும்புவார். லோறென்ஸ்கூக்கிலை வீடு வாங்கி இருக்கிறவர், குரல் லவுட்ஸ்பீக்கர். "என்ன கதை கதைக்கிறியள்? நீங்கள் இல்லாட்டி இந்த மன்றமே இல்லை!" அவர் துவங்கினால் காணும், பிறகு நாலு பக்கத்தாலையும் சத்தம் வரும். நான் தலையை ஆட்டி மறுப்பன். திரும்பவும் கேப்பினம். திரும்பவும் மறுப்பன். மூண்டாம் தரம் கையைக் கூப்பிக்கொண்டு, "சரி, உங்கடை அன்புக்காக இந்த ஒரு வருசம் மட்டும்" எண்டுவன். கைதட்டு. பிறகு ரோல்ஸும் தேத்தண்ணியும். மூண்டாம் தரம் மட்டும் மறுக்கக் கூடாது, ஆக்கள் நம்பிப்போடுவினம்.

இதிலை களவு ஒண்டுமில்லை. எங்கடை வீடுகளிலை தேத்தண்ணி வேணுமோ எண்டு கேட்டால் ஆராவது உடனை ஓம் எண்டு சொல்லுவினமோ? வேண்டாம் எண்டோணும், அவை இன்னொருக்காக் கேக்கோணும், சும்மா இருங்கோ எண்டோணும், அவை ஊத்திக்கொண்டு வந்து கையிலை தரோணும். அதுதானே மரியாதை. இஞ்சை வந்த முதல் வருசம் ஒரு நோர்வேக்காரன் தன்ரை வீட்டை கூப்பிட்டு, கோப்பி வேணுமோ எண்டு கேட்டான். நான் வேண்டாம் எண்டன். அவன் சரி எண்டிட்டுத் தனக்கு மட்டும் ஊத்திக் குடிச்சான்! ரெண்டு மணித்தியாலம் அவன்ரை கோப்பி மணத்தைப் பிடிச்சுக்கொண்டு தொண்டை வறள இருந்தன். இந்த நாட்டிலை சொன்ன சொல்லை அப்பிடியே எடுப்பாங்கள் எண்டு எனக்கு அண்டைக்கே விளங்கியிருக்கோணும். என்ரை வீட்டுக்கையே பிள்ளை ஒண்டு இந்த நாட்டிலை பிறந்து வளந்துகொண்டு இருந்ததையாவது யோசிச்சிருக்கோணும்.

வீட்டிலையும் நான் இதே பாட்டுத்தான் பாடுவன். சனிக்கிழமை பின்னேரம் வந்து சோபாவிலை விழுந்து, "எனக்கு ஏலாதப்பா, இந்தச் சனத்தோடை மாரடிச்சு நெஞ்சு நோகுது, இந்த வருசத்தோடை விட்டிடப்போறன்" எண்டுவன். மனுசி குசினிக்கை நிண்டு, "ஓம் ஓம், விடுங்கோ" எண்டிட்டுத் தாளிப்பா. மோள் ஓடி வந்து என்ரை சப்பாத்தைக் கழட்டிவிடுவாள். நல்ல பிள்ளை எண்டு தலையைத் தடவி விடுவன், அவ்வளவுதான்.

இந்த வருசப் பொதுக்கூட்டம் தை மாசம், நல்ல பனி. மோள் போன வருசம்தான் மன்றத்துக்குச் செயலாளரா வந்தவள். தானாக் கேட்டு வந்தவள். பதினெட்டு வயசிலை செயலாளர் எண்டு நான் ஊரெல்லாம் பெருமையாச் சொன்னனான். செயலறிக்கையை வடிவா வாசிச்சாள். பிறகு நான் எழும்பினன். கண்ணாடியைக் கழட்டினன். துடைச்சன். "அன்பான உறவுகளே" எண்டு துவங்கி, இந்த முறை முழங்காலையும் சேத்துக்கொண்டன். தேசாதிபதியிட்டைக் கடன் வாங்கினது. சொல்லி முடிச்சு இருந்தன்.

ஒரு சத்தமும் இல்லை.

மெல்லத் திரும்பிப் பாத்தன். மூண்டாவது வரிசையிலை அண்ணையின்ரை கதிரை வெறுங்கதிரை. மற்றவை ஆளை ஆள் பாக்கினம். துவக்கிறது அவர்தானே, அவர் துவக்காமல் எப்பிடித் துவங்கிறது எண்டு ஒருத்தருக்கும் தெரியேல்லை. பதினொரு வருசத்திலை ஒருக்காவும் ஒத்திகை பாக்கவேண்டி வரேல்லை. அந்த அமைதியிலை என்ரை மோள் எழும்பினாள்.

"அப்பா, உங்களுக்கு மன்றத்தின்ரை மனமார்ந்த நன்றி. பதினொரு வருசம். தக் ஃபோர் இன்சாட்சன்" எண்டாள். நோர்வேயிலை ஒருத்தர் பதவி விட்டுப் போகேக்கை 'உழைப்புக்கு நன்றி' எண்டு சொல்லுற வாசகம் அது. சொன்னால் கதை முடிஞ்சுது எண்டு அர்த்தம். பின்னாலையிருந்து ரெண்டு பெடியள் பூங்கொத்தைக் கொண்டு வந்தாங்கள். பூங்கொத்து! முதலே வாங்கி வைச்சிருக்கினம்! ஒரு பொன்னாடை வேறை. எனக்கு அதைப் போத்தேக்கை, என்ரை வாய் சிரிச்சுக்கொண்டு நிக்குது, எனக்கு அதை மூடத் தெரியேல்லை. அஞ்சு நிமிசத்திலை ரொம்சோஸிலை இருக்கிற ஒரு நேர்ஸ் பிள்ளையைப் புதுத் தலைவரா எடுத்தாச்சு. இஞ்சை பிறந்த பிள்ளை. நீங்கள் தலைவரா வருவியளோ எண்டு கேட்டினம், "ஓம், வாறன்" எண்டு முதல் தரமே சொல்லிப்போட்டாள். வெக்கமில்லாமல்!

எல்லாம் முடிஞ்சு ரோல்ஸைக் கடிக்கேக்கை கதவு படீரெண்டு திறந்துது. எங்கடை அண்ணை. தலையெல்லாம் பனி. நிலைமையைப் பாக்காமலே கையைத் தூக்கி, "நீங்கள் இல்லாட்டி இந்த மன்றமே இல்லை!" எண்டு கத்தினார். கையிலை பூங்கொத்தோடையும் வாயிலை ரோல்ஸோடையும் நான் அவரைப் பாத்தன்.

"பாழாப்போன பஸ் ஒண்டும் வரேல்லை, தம்பி. முக்கால் மணித்தியாலம் நிண்டனான்" எண்டார். எந்த லைன் எண்டு கேட்டன். என்ரை லைன். அண்டைக்கு நான் லீவு. எனக்குப் பதிலா ஆளும் கிடைக்கேல்லைப் போலை.

வீட்டை வரேக்கை மோளுக்குச் சந்தோசம் தாங்கேல்லை. "இனி நீங்கள் ஆறுதலா இருக்கலாம் அப்பா" எண்டு கார்ப் பின்சீற்றிலை இருந்து எட்டி என்ரை தோளிலை சாஞ்சுகொண்டு வந்தாள். மனுசி முன்சீற்றிலை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தா, தோள் மட்டும் குலுங்குது. சிரிக்கிறாவோ! எனக்குக் கோவம் எண்டால் கோவம். சொந்தப் பிள்ளையே! சோறு போட்டு வளத்த பிள்ளையே எனக்குக் குழி வெட்டிப்போட்டு, அதுக்கு மேலை பூங்கொத்தும் வைக்குதே! கூட்டக் குறிப்பைக்கூட அண்டைக்கே எழுதி அனுப்பிப்போட்டாள். தலைவர் தன்ரை விருப்பத்தோடை விலகினார் எண்டு கிடந்தது. அந்த வரியை எத்தினை தரம் வாசிச்சன் எண்டு கேக்காதையுங்கோ.

அடுத்த கிழமை குசினி மேசையிலை தேசாதிபதிக்கும் பதில் வந்து சேந்துது. ராசா எழுதிப்போட்டார்: சரி, களைச்சிருக்கிறீர், நீர் வரலாம், வேறை ஆளை அனுப்பிறம்.

நான் கரண்டியைக் கீழை வைச்சிட்டன். "அந்த ராசாவுக்கு மூளையே இல்லையோ?" எண்டன்.

"ஏன் அப்பா? நல்ல ராசாதானே. கேட்டதைக் குடுத்திருக்கிறார்."

அதுக்குப் பிறகு நடந்ததுதான் கூத்து. விடுதலை கிடைச்ச மனுசன் போகேல்லை. ஊர்ச்சனமும் அவரோடை முறுகி மாளிகை வாசலிலை வந்து நிக்க, அரசாங்க முத்திரையையும் எடுத்துக்கொண்டு துறைமுகத்திலை நிண்ட கப்பல் ஒண்டிலை ஏறிட்டார். ஏறினவர் ஊருக்குப் போவார் எண்டு பாத்தால், மாசக்கணக்கா அந்தக் கப்பலிலேயே இருந்து கட்டளை போட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். சபை கலைக்கப்படுகுது எண்டு கப்பலிலை இருந்து அறிவித்தல். சபை கரையிலை இருந்து தன்ரை பாட்டுக்குக் கூடுது. சந்தைக்கு விதி, துறைமுகத்துக்கு விதி எண்டு எழுதி முத்திரை குத்தினார். குத்தினதைக் கரைக்குக் கொண்டுபோகவே ஆள் இல்லை.

மோள் விழுந்து விழுந்து சிரிச்சாள். நான் சிரிக்கேல்லை. ஏனெண்டால் மன்றத்தின்ரை முத்திரை அந்த நேரம் என்ரை ஜக்கெற் பொக்கற்றிலை கிடந்தது.

முத்திரை மட்டுமில்லை. சவுண்ட் பெட்டி, ரெண்டு மைக், குத்துவிளக்கு, அலுமாரித் திறப்புக் கொத்து எல்லாம் துவக்கத்திலை இருந்தே என்ரை கார் டிக்கியிலைதான். புதுத் தலைவர் பிள்ளை மரியாதையா, "மாமா, நேரம் கிடைக்கேக்கை தாங்கோ" எண்டு கேட்டவள். "தாறன், தாறன்" எண்டன். அதுவும் ராஜினாமா மாதிரித்தான், சொல்லுற சொல்.

சனிக்கிழமையிலை மோளையும் மனுசியையும் ஹோலிலை இறக்கிப்போட்டு நான் உள்ளுக்கை போகேல்லை. பள்ளிக்கூடக் கார்ப் பாக்கிலை, வாசல் வடிவாத் தெரியிற இடமாப் பாத்து விட்டுப்போட்டு, இருக்கைச் சூட்டைப் போட்டுக்கொண்டு இருந்தன். இருந்துகொண்டு குழுவுக்கு அறிவித்தல் அனுப்பினன். பிள்ளையளின்ரை பனிச் சப்பாத்துகள் நடைபாதையிலை ஒழுங்கா வைக்கப்படோணும். மிருதங்க வகுப்பு நேரத்துக்குத் துவங்கோணும். முன்னாள் தலைவர் எண்டு கீழை போட மனம் வரேல்லை, வெறும் பெயரைப் போட்டன். ஒவ்வொண்டுக்கும் நாலைஞ்சு பேர் பெருவிரலைத் தூக்கிக் காட்டிச்சினம். சப்பாத்துகள் கிடந்த மாதிரியே கிடந்தது. காருக்கை இருந்து எனக்குத் தெரிஞ்சுது.

மூண்டு சனிக்கிழமை இப்பிடிப் போச்சு. நாலாவது சனிக்கிழமை கலைவிழா. நான் நல்லாக் கணக்குப் போட்டு வைச்சிருந்தன். விழா எண்டால் மைக் வேணும், விளக்கு வேணும். ரெண்டும் என்ரை டிக்கியிலை. நான் கொண்டுபோய்க் குடுக்கமாட்டன், கேட்டு வரட்டும். வந்தால் சும்மா வருவினமோ? நாலு பெரியாக்கள் சேந்து வருவினம். கார்க் கண்ணாடியைத் தட்டி, "நீங்கள் இல்லாமல் ஒண்டும் ஓடேல்லை, உள்ளுக்கை வாங்கோ" எண்டுவினம். ரெண்டு தரம் மறுப்பன். மூண்டாம் தரம் இறங்குவன். என்ன வசனம் பேசிறது எண்டுகூட யோசிச்சு வைச்சிருந்தன்.

கண்ணாடியைத் தட்டினது மோள். சீலை, அதுக்கு மேலை பனி ஜக்கெற், அதுக்குக் கீழை பனிச் சப்பாத்து. அண்டைக்கு அவள்தான் நிகழ்ச்சி அறிவிப்பாளர். மற்றப் பக்கத்தாலை வந்து ஏறி இருந்து, கையைச் சூட்டுக் காத்துக்குப் பிடிச்சாள். மைக்கைக் கேக்கப்போறாள் எண்டு பாத்தால் கேக்கேல்லை.

"அப்பா, திங்கட்கிழமை சோதினை. எல்லாம் பாடமாக்கிப்போட்டன். ஒரு கேள்விக்கு மட்டும் மறுமொழி தெரியேல்லை. ரீச்சர் கட்டாயம் கேப்பா."

"என்ன கேள்வி?"

"அந்த ஆள் கேட்டது கிடைச்சிட்டுதுதானே. பிறகேன் கப்பலிலை போய்க் குந்திக்கொண்டு இருந்தவர்? எனக்கு உண்மையா விளங்கேல்லை."

கேலியோ எண்டு முகத்தைப் பாத்தன். கேலியில்லை. அவள் பொய் சொன்னால் அவளின்ரை காது சிவக்கும், சின்னனிலை இருந்தே எனக்குத் தெரியும். காது சிவக்கேல்லை.

"ஆராவது படகிலை வருவினம் எண்டு பாத்திருப்பார்" எண்டன்.

"என்னத்துக்கு?"

"நீங்கள் இல்லாமல் ஏலாது, இறங்கி வாங்கோ எண்டு கூப்பிட."

"தன்னாலை ஏலாது, தன்னை விடுங்கோ எண்டு எழுதினவர் அவர்தானே?"

"எழுதினவர்தான்."

"அப்ப அந்தக் கடிதமெல்லாம் பொய்யோ?"

நான் ஸ்டியறிங்கைப் பிடிச்சுக்கொண்டு முன்னாலை பாத்தன். கார்க் கண்ணாடியிலை பனிப்புகார் பிடிச்சிருந்துது, வாசல் தெரியேல்லை. "பொய்தான், பிள்ளை" எண்டன்.

அவள் மெல்லத் திரும்பி என்னைப் பாத்தாள், பின்சீற்றைப் பாத்தாள், அதுக்கும் அங்காலை டிக்கிப் பக்கம் பாத்தாள். அவளுக்கு விளங்கத் துவங்கினது எனக்குத் தெரிஞ்சுது. ஐயோ, அந்த முகத்தை நான் பாத்திருக்கக் கூடாது.

"எனக்கு அப்ப எட்டு வயசு" எண்டாள். "நீங்கள் முதல் முதல் எனக்கு ஏலாது, உடம்பு ஒத்துவரேல்லை எண்டு சொல்லேக்கை, நீங்கள் சாகப்போறியள் எண்டு நினைச்சு நான் அழுதனான். அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு வெளியிலை போனவ. ஒவ்வொரு வருசமும் அந்தச் சனமெல்லாம் கத்திக் கத்தி உங்களைத் திரும்ப இருத்தேக்கை, எனக்கு அவையிலை கோவம் கோவமா வரும். ஏன் இவை அப்பாவைப் பாக்கினமில்லை எண்டு. நான் செயலாளரா வந்ததே அதுக்குத்தான் அப்பா. உங்களை வெளியிலை எடுக்கிறதுக்கு. பூவும் பொன்னாடையும் நான்தான் சொல்லி வாங்குவிச்சனான். நீங்கள் நல்லபடியாப் போகோணும் எண்டு."

பதினொரு வருசமா அந்த ஹோலிலை இருந்த அவ்வளவு பேருக்கும் நான் நடிக்கிறன் எண்டு தெரியும். அண்ணைக்குத் தெரியும், மனுசிக்குத் தெரியும். இந்த ஒருத்திதான் நான் சொன்னதைச் சொல்லாவே எடுத்து, அதுக்காக அழுது, அதுக்காக ஒரு வேலையும் பாத்திருக்கிறாள். அவளைத்தான் நான் மூண்டு கிழமையா எனக்குக் குழி வெட்டினவள் எண்டு கறுவிக்கொண்டு இருந்தனான். வெக்கமாப் போச்சு. அழுகையும் வந்தது. லேஞ்சியை எடுத்து மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சன். அண்டைக்குத்தான் அதை உண்மையாத் துடைக்க வேண்டி வந்தது.

"பிழைதான், பிள்ளை" எண்டன்.

அவள் இறங்கிப் பின்னாலை போய் நிண்டாள். நான் டிக்கியைத் திறந்தன். சவுண்ட் பெட்டியை நான் தூக்கினன், விளக்கையும் மைக்கையும் அவள் எடுத்தாள். முத்திரையைப் பொக்கற்றுக்கை இருந்து எடுத்து அவளின்ரை கையிலை வைச்சன். அவள் அதைப் பாத்திட்டு, தன்ரை ஜக்கெற்றுக்கை போட்டுக்கொண்டு முன்னாலை நடந்தாள். பனி வழுக்கும், பாத்து வாங்கோ எண்டு மட்டும் சொன்னாள்.

உள்ளுக்கை ஒருத்தரும் எழும்பேல்லை, ஒருத்தரும் கத்தேல்லை. "ஆ, மாமா, வந்திட்டியளோ, அங்கை வையுங்கோ" எண்டாள் புதுத் தலைவர் பிள்ளை, கையிலை நாலு வேலையோடை. விழா நேரத்துக்குத் துவங்கப்போகுது, நான் இல்லாமலே. கைபிடிக் கதிரை மூலையிலை கிடந்தது, அதுக்கு மேலை பிள்ளையளின்ரை பனி ஜக்கெற்றுகள் மலையாக் குவிஞ்சு கிடந்துது. சுவரிலை டுக்னாட் பட்டியல் ஒட்டியிருந்தது. டுக்னாட் எண்டால் எல்லாரும் சேந்து செய்யிற சிரமதானம், இந்த நாட்டிலை அதுக்கு ராசாவும் தப்பேலாது. கதிரை அடுக்கிறது எண்டு போட்டு, அதுக்கு நேரை என்ரை பெயர். பதினொரு வருசத்திலை அந்த ஹோலிலை நான் ஒரு கதிரையை அசைச்சதில்லை. மூண்டாவது வரிசையிலை அண்ணைக்குப் பக்கத்திலை போய் இருந்தன். அவர் என்ரை தொடையிலை தட்டி, "இஞ்சையிருந்து பாத்தால் மேடை வடிவாத் தெரியும்" எண்டார். உண்மைதான். முன் வரிசையிலை இருந்து இவ்வளவு காலமும் பிள்ளையளின்ரை காலைத்தான் பாத்துக்கொண்டு இருந்திருக்கிறன்.

இடைவேளைக்கு மோள் தேத்தண்ணித் தட்டத்தோடை வரிசை வரிசையா வந்தாள். எல்லாரும் வேண்டாம் எண்டிச்சினம், எல்லாருக்கும் இன்னொருக்காக் கேட்டுக் கேட்டுக் குடுத்தாள். எனக்கு முன்னாலை வந்து நிண்டாள். கண் இன்னும் கொஞ்சம் சிவந்து கிடந்தது.

"அப்பா, தேத்தண்ணி வேணுமோ?"

வாய் வழக்கம் போலை வேண்டாம் எண்டு சொல்லத் துவங்கினது. அதை அப்பிடியே விழுங்கிப்போட்டு, "ஓம். வேணும்" எண்டன்.

அவள் உடனை தரேல்லை. தட்டத்தைப் பிடிச்சபடி என்ரை முகத்தை வடிவாப் பாத்தாள். முந்தியெல்லாம் அப்பிடிப் பாக்கமாட்டாள், நான் சொன்னால் போதும்.

"உண்மையாவோ? இல்லாட்டி இன்னும் ரெண்டு தரம் கேக்கவோ?"

அண்ணை பகிடி எண்டு நினைச்சு உரத்துச் சிரிச்சார். பக்கத்திலை இருந்தவையும் சிரிச்சினம். நாங்கள் ரெண்டு பேரும் சிரிக்கேல்லை.

"உண்மையாத்தான், பிள்ளை" எண்டு சொல்லி, ரெண்டு கையாலையும் கோப்பையை வாங்கினன்.